சி.இ.ஓ. விலகும்போது: உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் தமிழ்நாட்டின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் தலைவராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்றிருக்கும் உழவர் பெருமக்களுக்கு, இந்த நிறுவனங்களுக்குக் கணக்கும் சட்டப் பதிவும் உரிமங்களும் பார்த்துத் தரும் நாங்கள் எழுதும் மடல். வணக்கம்.

ஒன்றிய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் (எஃப்.பி.ஓ.) திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்கென்று மூன்று ஆண்டுகளில் மொத்தம் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தலைமைச் செயல் அலுவலருக்கு (சி.இ.ஓ.) மாதம் 25,000 வரை, கணக்காளருக்கு 10,000 வரை சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. மூன்று ஆண்டு முடிந்தால் அந்தப் பணமும் முடிந்துவிடும். வேளாண்மை படித்துவிட்டு சி.இ.ஓ.வாக வந்த இளைஞரோ பெண்ணோ, மூன்றாம் ஆண்டின் கடைசியில் வேறு வேலை தேடத் தொடங்குவார். அதில் துரோகம் எதுவும் இல்லை. எந்த மாதத்தில் விலகல் கடிதம் வரும் என்று நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் பெரும்பாலான இயக்குநர் குழுக்கள் அந்தக் கடிதத்தை இடி விழுந்ததுபோலத்தான் எதிர்கொள்கின்றன.

அவர் போவதால் நிறுவனம் படுத்துவிடுவதில்லை. வங்கியின் ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்கு வருகிறது. உர விற்பனைக் கருவி அவருடைய விரல் ரேகைக்குத் திறக்கிறது. பூச்சிமருந்து உரிமம் அவருடைய பட்டச் சான்றிதழில் நிற்கிறது. எந்த வியாபாரி எவ்வளவு தரவேண்டும் என்பது அவருடைய நினைவில் மட்டும் இருக்கிறது. இத்தனையும் அவரோடு சேர்ந்து வாசலைத் தாண்டுவதால்தான் நிறுவனம் படுக்கிறது. அவர் வேலையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக நிறுவனத்தின் பெயருக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் சட்டம், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 378 டபிள்யூ பிரிவு, உற்பத்தியாளர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்கிறது. அவரை இயக்குநர் குழு நியமிக்கவேண்டும். உறுப்பினர் அல்லாதவராகப் பார்த்து நியமிக்கவேண்டும். “கொஞ்ச நாளைக்குத் தலைவரே பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஊரில் சுலபமாக ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். பங்கு வைத்திருக்கும் உறுப்பினரான தலைவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. கொஞ்ச நாள் என்பது ஒரு வருடமாக நீண்ட நிறுவனங்களில், தணிக்கையாளர் அதை அறிக்கையில் எழுதிய பிறகுதான் விழிப்பு வருகிறது.

அதே பிரிவின்படி சி.இ.ஓ. பதவிவழி இயக்குநரும் ஆவார். ஆகவே அவர் விலகுவது ஓர் ஊழியர் வேலையை விடுவது மட்டும் அல்ல, ஓர் இயக்குநர் விலகுவதும்கூட. இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-12 படிவத்தை 30 நாளுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் மின்வழியில் தாக்கல் செய்யவேண்டும். விலகல் கடிதம் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்த நாள், கடிதத்திலேயே அவர் குறித்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வரும். அதனால் கடிதம் வந்த அன்றே தபால் வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, தேதி எழுதி, ஒரு நகலில் ‘பெறப்பட்டது’ என்று கையொப்பமிட்டு அவரிடமே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரிச் செய்தியைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில நிறுவனங்களில் இந்த டி.ஐ.ஆர்-12 போடப் போகும்போதுதான், அவரை நியமித்தபோதே அதைப் போடவில்லை என்பது தெரியவருகிறது. பழைய தேதியிட்டுத் தீர்மானம் எழுதி இதைச் சரிக்கட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். கம்பெனி செக்ரட்டரி ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி காட்டி, தாமதக் கட்டணத்தைக் கட்டி நேராக்குவதே மலிவு.

கடிதம் வந்ததும் குழுக் கூட்டம் கூட்டவேண்டும். 378 வி பிரிவு அந்தக் கூட்ட அறிவிப்பை அனுப்பும் பொறுப்பை சி.இ.ஓ.விடமே கொடுத்திருக்கிறது, கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பவேண்டும். அவர் போன பிறகு கூட்டலாம் என்று தள்ளிப்போட்டால், அறிவிப்பு அனுப்ப ஆள் இருக்காது. கூட்டம் செல்லுபடியாக மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் வேண்டும். எப்படியும் மூவருக்குக் குறையக்கூடாது. பத்துப் பேர் குழு என்றால் நால்வர். வீட்டுக்கு வீடு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை இந்த ஒரு கூட்டத்துக்காவது விட்டுவிடுங்கள். வங்கியும் பதிவாளரும் உரிம அலுவலகங்களும் கேட்கப்போவது இந்தத் தீர்மானத்தின் நகலைத்தான்.

தீர்மானத்தில் “சி.இ.ஓ. மாற்றம் ஏற்கப்பட்டது” என்று ஒரே வரியாக எழுதினால் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன எண்ணுள்ள கணக்கில் இன்னாருக்கு இருந்த கையொப்ப அதிகாரம் இந்தத் தேதி வேலைநேர முடிவோடு ரத்தாகிறது, அவருக்குப் பதிலாக இன்னார் இன்னாரோடு சேர்ந்து கையொப்பமிடுவார் என்று கணக்கு வாரியாக எழுதுங்கள். நடப்புக் கணக்கு, பங்குத்தொகைக் கணக்கு, திட்ட மானியக் கணக்கு, கடன் கணக்கு என்று ஒரு நிறுவனத்துக்கு நான்கைந்து இருக்கும்; ஒன்று விட்டுப்போவது வழக்கம். இணைய வங்கிக்குத் தனி வரி வேண்டும். பல வங்கிகளில் காசோலைக் கையொப்பத்தை நீக்கினாலும் இணைய வங்கியின் பயனர் பெயர் அப்படியே உயிரோடு இருக்கும். குறுஞ்செய்தி போகும் கைப்பேசி எண், கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பது, இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

அந்தக் கியூஆர் அட்டையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். கடையில் கூட்டம் நெரியும் சம்பா நேரத்தில் நிறுவனத்தின் கியூஆர் வேலை செய்யாமல் போக, “என் நம்பருக்கு ஜி-பே பண்ணுங்க, நான் கட்டிடறேன்” என்று சி.இ.ஓ.வோ கணக்காளரோ சொல்லியிருப்பார். நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தொகைகளை அவர் பதவியில் இருக்கும்போதே, அவருடைய கணக்கு அறிக்கையையும் நிறுவன வரவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்துவிடவேண்டும். அவர் தன் கைக்காசைப் போட்டுச் செலவு செய்ததும் இதே பட்டியலில் வரும். லாரி வாடகை, சுமைக்கூலி, மண்டியில் கொடுத்த முன்பணம் என்று நிறுவனம் அவருக்குத் தரவேண்டிய பாக்கி பல இடங்களில் பெரிய தொகையாக இருக்கிறது. வரவேண்டியதை மட்டும் எண்ணிவிட்டுத் தரவேண்டியதை மறந்தால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

கையெழுத்திட்டு வைத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால் எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையை முதல் எண்ணிலிருந்து பாருங்கள். எண் இருந்து தாள் இல்லையென்றால் அது யாரிடம் போயிருக்கிறது என்பதற்குப் பதில் வேண்டும். பிணையாக உர மொத்த விற்பனையாளரிடம் கொடுத்த காசோலைகளை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய கையொப்பத்தோடு அது வங்கிக்குப் போய்த் திரும்பினால் வழக்கு நிறுவனத்தின் மேல் வரும்.

அடுத்து மின் கையொப்பம். பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கன்தான் சட்டத்தின் முன் ஓர் இயக்குநரின் கையெழுத்து. நிறுவனத்தில் இருக்கும் இரண்டோ மூன்றோ டோக்கனும் சி.இ.ஓ.வின் மேசை இழுப்பறையிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ கிடக்கும். தலைவருக்குத் தன் டோக்கனின் கடவுச்சொல்கூடத் தெரிந்திருக்காது. தலைவர் பெயரில் எத்தனை படிவம் போயிருக்கிறது என்று அவருக்கே தெரியாது என்பதுதான் இதன் பொருள். டோக்கனைக் கையில் வாங்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், காலாவதித் தேதியை எழுதிவையுங்கள். சி.இ.ஓ. விலகும் டி.ஐ.ஆர்-12-இல் வேறோர் இயக்குநரின் மின் கையொப்பம்தான் வேண்டும். அது காலாவதியாகிக் கிடந்தால் புதிதாக எடுத்துத் தாக்கல் செய்வதற்குள் 30 நாளில் பாதி ஓடிவிடும்.

ஜி.எஸ்.டி. தளத்தில் முதன்மைக் கையொப்பதாரராக சி.இ.ஓ.வே இருப்பார், ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். அவர் இருக்கும்போது இதை மாற்றுவது ஒரு பத்து நிமிட வேலை: புதியவரைச் சேர்த்து, அவரை முதன்மையாக்கி, பிறகு பழையவரை நீக்கவேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. அவர் போய், எண்ணும் மாறிவிட்டால், தீர்மான நகலோடும் அடையாளச் சான்றுகளோடும் வணிகவரி அலுவலகத்துக்கு அலையவேண்டும். அதற்குள் மாத அறிக்கைத் தேதி தாண்டித் தாமதக் கட்டணம் ஏறும். வருமானவரித் தளம், டி.டி.எஸ். தளம், சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில், மின்னணு வேளாண் சந்தையான இ-நாம், நிறுவனத்தின் மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மின்னஞ்சலை முதலில் மாற்றிவிடுங்கள். மற்றவற்றின் மறந்துபோன கடவுச்சொல் எல்லாம் அங்கேதான் வரும். நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, ஒரு சாதாரணக் கைப்பேசியில் போட்டு அலுவலகத்திலேயே வைத்து, எல்லாத் தளங்களிலும் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை அடுத்த சி.இ.ஓ. போகும்போது வராது. இத்தனைக்கும் மாதம் சில நூறு ரூபாய்ச் செலவு.

உரிமங்களுக்கு வருவோம். பணத்தைவிட இங்கே ஆபத்து அதிகம், கவனிப்போ குறைவு.

பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு, விண்ணப்பிக்கும் நிறுவனத்திலோ அதன் ஊழியரிடத்திலோ வேளாண்மை அல்லது விதிகளில் சொன்ன அறிவியல் படிப்புத் தகுதி இருக்கவேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் அந்தத் தகுதி சி.இ.ஓ.வின் பி.எஸ்ஸி. அக்ரி. பட்டம். அவர் விலகிய நாளிலிருந்து அந்தச் சான்றிதழைக் காட்டிக் கடை நடத்த உங்களுக்கு உரிமை இல்லை. தரம் குறைந்த மருந்து என்று மாதிரி தேறாமல் போனால், வேலையை விட்டுப் போனவர் பெயரும் வழக்கில் ஏறும். அவரே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் உங்கள் உரிமம் நின்றுபோகும். தகுதியுள்ள வேறோர் ஊழியரின் சான்றிதழை அவர் போவதற்கு முன்பே உரிமத்தில் சேர்த்துவிடுங்கள். கடையில் நிற்கும் பையனோ பெண்ணோ இடுபொருள் விற்பனையாளர்களுக்கான ‘தேசி’ பட்டயப் படிப்பை முடித்திருந்தால் நல்லது. அது 48 வாரப் படிப்பு, அவசரத்துக்கு உடனே கிடைக்காது. ஆகவே மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். எண்ணெயோ மாவோ சிறுதானியமோ பொட்டலம் போட்டு விற்கிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் பொறுப்பாளர் என்று ஒருவரை நியமித்திருப்பீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி நிறுவனம் செய்யும் தவறுக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். அங்கும் பெயர் மாறவேண்டும்.

உர விற்பனைக் கருவி இன்னொரு சிக்கல். அது விற்பவரின் ஆதார் ரேகையில் திறக்கிறது. சி.இ.ஓ. ஒருவருடைய ரேகை மட்டும் பதிந்திருந்தால் அவர் விடுப்பில் போன நாளிலேயே கடை மூடிக்கிடக்கும். குறைந்தது இருவர் ரேகை பதிந்திருக்கவேண்டும். இதைவிடப் பெரியது கருவியில் இருக்கும் இருப்புக்கும் கிடங்கில் இருக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசம். சர்வர் வேலை செய்யாத நாளில் ரேகை வாங்காமல் மூட்டையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். கருவி 180 மூட்டை யூரியா இருப்பதாகக் காட்டும், கிடங்கில் 140 இருக்கும். காசு வந்து சேர்ந்திருக்கும், களவு எதுவும் நடந்திருக்காது. ஆனால் வேளாண்மைத் துறை ஆய்வுக்கு வரும் நாளில் அந்த 40 மூட்டைக்குக் கணக்குச் சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார். வித்தியாசம் எப்படி வந்தது என்று அவர் கைப்படவே எழுதி வாங்கி, துறைக்கும் நீங்களே முன்கூட்டித் தெரிவித்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது சரக்கு எண்ணிக்கை. இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள், அன்று கடையைத் திறக்கவேண்டாம். போகிறவர், வருகிறவர் அல்லது தற்காலிகப் பொறுப்பாளர், இயக்குநர் இருவர், கணக்காளர் ஆகிய ஐவரும் கிடங்கில் நிற்கவேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி, எண்ணியதைக் கடைசியில்தான் ஒப்பிடவேண்டும். ஏட்டில் இருக்கும் எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கண் அந்த எண்ணைத் தேடிப் போய்விடும். மூட்டை அடுக்கை முன்பக்கம் மட்டும் எண்ணிப் பெருக்காதீர்கள், நடுவில் காலியாக இருக்கலாம். மேல்வரிசையைக் கலைத்துப் பாருங்கள். யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. எல்லாவற்றையும் ஐம்பதால் பெருக்கி டன் கணக்கு எழுதி, இல்லாத குறைவைக் கண்டுபிடித்துக் கலவரப்பட்ட குழுக்கள் உண்டு. பூச்சிமருந்தில் காலாவதித் தேதியை ஒவ்வொரு பெட்டியிலும் பாருங்கள். சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் முதல் ஆயுள். காலாவதியானதை இருப்பில் சேர்த்து லாபம் காட்டியிருந்தால் அதை இப்போதே கழித்துவிடுங்கள். புதியவர் தலையில் அந்த நட்டத்தைக் கட்டாதீர்கள்.

விளைபொருள் வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்கவேண்டும். 10,000 கிலோ நிலக்கடலையை 12 சதவீத ஈரப்பதத்தில் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீர் போக 8,800 கிலோ. அதே கடலை கிடங்கில் காய்ந்து 8 சதவீத ஈரப்பதத்துக்கு வந்தால், 8,800-ஐ 0.92-ஆல் வகுக்க, எடை 9,565 கிலோ. ஒரு கடலையைக்கூட யாரும் தொடாமலே 435 கிலோ குறைந்துவிட்டது. கிட்டத்தட்ட பதினோரு நாற்பது கிலோ மூட்டை. வாங்கிய அன்று ஈரப்பதத்தைக் குறித்து வைக்காத இடத்தில் இந்தப் பதினோரு மூட்டைக்கு சி.இ.ஓ. பதில் சொல்லமுடியாமல் நிற்பார், ஊர் அவரைத் திருடன் என்று சொல்லும். ஈரப்பதமானியில் அன்றைய அளவைப் பார்த்து, கொள்முதல் சீட்டோடு ஒப்பிட்டு, காய்வுக் கழிவையும் தூசி, கல், சொத்தைக் கழிவையும் தனித்தனியாக எழுதுங்கள். அதற்குப் பிறகும் குறைவு இருந்தால் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கத்தான் வேண்டும். கணக்குப் போட்ட பிறகு கேட்கவேண்டும்.

வாடகை டிராக்டர், ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் மணி மீட்டரின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன தணிக்கை நாளிலிருந்து இன்றுவரை மீட்டர் ஓடிய மணி எவ்வளவு, பில் போட்ட மணி எவ்வளவு என்று கழித்தால் உண்மை தெரிந்துவிடும். சாலையில் ஓடிய நேரத்துக்கும் பழுது பார்த்த நேரத்துக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால் விடமுடியாது. ஆர்.சி. புத்தகம், காப்பீடு, மானிய ஆணை மூன்றும் அலுவலகப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடன் பாக்கி வாங்குவது எல்லாவற்றையும்விடக் கடினம், ஏனென்றால் இதில் பாதி வாய்ப்பேச்சு. சி.இ.ஓ. போகிறார் என்று தெரிந்த மறுநாளே சில வியாபாரிகள், “அவர்கிட்ட கொடுத்துட்டேனே” என்று சொல்வார்கள். ஆகவே செய்தி வெளியே போவதற்கு முன்பே, வழக்கமான மாதக் கடிதம்போல, “இந்தத் தேதிவரை உங்கள் பாக்கி இவ்வளவு, சரியென்றால் கையொப்பமிட்டு அனுப்பவும்” என்று எல்லாருக்கும் நிலுவைக் கடிதம் அனுப்பிவிடுங்கள். அதில் சி.இ.ஓ.வும் தலைவரும் கையொப்பமிடவேண்டும். உறுப்பினர்களின் கடன் நோட்டுக்கும் இதே முறைதான். பெரிய பாக்கிக்காரர்களிடம் சி.இ.ஓ.வும் ஓர் இயக்குநரும் சேர்ந்தே நேரில் போகவேண்டும். விலை, கமிஷன், தவணை என்று வாய்மொழியாகப் பேசிய ஏற்பாடுகள் அந்தப் பயணத்தில்தான் வெளிவரும். கேட்டதை அன்று இரவே எழுதிவையுங்கள்.

பங்குப் பதிவேட்டையும் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கு 1,000, 2,000 என்று பங்குத்தொகை வாங்கி ரசீது கொடுத்திருப்பார்கள். பங்கு ஒதுக்கீட்டுத் தீர்மானமும், அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவமும் போயிருக்காது. பணம் வங்கியில் இருக்கும், சட்டப்படி அந்த உழவர் உறுப்பினர் ஆகியிருக்கமாட்டார். உறுப்பினருக்கு 2,000 வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை கிடைக்கும் பங்கு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார், எந்த நாள், எந்த ரசீது என்பதற்கு விடை தெரிந்தவர் போய்விட்டால், பிறகு ஊர் ஊராகப் போய் ரசீது தேடவேண்டியதுதான். நபார்டு, சிறு விவசாயிகள் வேளாண் வணிகக் கூட்டமைப்பு, தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் என்று உங்களுக்கு உதவி தரும் அமைப்பு எதுவோ அதற்கும், உங்களை வழிநடத்தும் தொகுப்பு அடிப்படையிலான வணிக அமைப்புக்கும் (சி.பி.பி.ஓ.) மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். உதவித் தொகையை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றுகளில் நிலுவையில் இருப்பவற்றை அவர் கையாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

போகிறவரை நடத்தும் விதம் பற்றி வெளிப்படையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது, அசல் சான்றிதழைத் தராமல் இழுப்பது, அனுபவச் சான்றுக்கு அலையவிடுவது இவையெல்லாம் பல இடங்களில் நடக்கின்றன. இது அநியாயம், புத்திசாலித்தனமும் அல்ல. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் அவருடைய உதவி வேண்டியிருக்கும்: ஒரு ஓ.டி.பி., பழைய பில்லுக்கு ஒரு விளக்கம், தணிக்கையாளரின் ஒரு கேள்வி. ஒப்படைப்புப் பட்டியலில் கையொப்பம் ஆன அன்றே சம்பளத்தையும் அவருக்குத் தரவேண்டிய பாக்கியையும் கணக்கில் போட்டுவிடுங்கள். “வேறு எஃப்.பி.ஓ.வில் சேரமாட்டேன், இந்த வியாபாரிகளோடு தொழில் செய்யமாட்டேன்” என்று பத்திரத்தில் எழுதி வாங்கும் யோசனையையும் விடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி வேலையை விட்டபின் ஒருவரின் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வியாபாரிகளின் பெயரும் எண்ணும் விலைப் பட்டியலும் நிறுவனத்தின் ஏட்டில் இருந்தால் அவர் எங்கே சேர்ந்தாலும் உங்களுக்கு இழப்பு குறைவு.

உறுப்பினர்களிடம் மறைக்காதீர்கள். நாற்காலி காலியான செய்தி டீக்கடை வழியாக வந்தால், “பங்குப் பணம் போச்சு” என்றுதான் வரும். எண்ணிக்கை முடிந்த வாரத்திலேயே உழவர் குழு வாரியாகக் கூட்டம் போட்டு, வங்கி இருப்பு, சரக்கு மதிப்பு, வரவேண்டியது, தரவேண்டியது நான்கையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அந்தத் தாளைக் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகியாக அலுவலக எண்ணைச் சேர்த்த பிறகுதான் அவர் வெளியேறவேண்டும்.

அடுத்த ஆள் யார் என்ற கேள்விக்குமுன் சம்பளம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். சி.இ.ஓ.வுக்கு 25,000, கணக்காளருக்கு 10,000 என்றால் ஆண்டுக்கு 4,20,000. உங்கள் வியாபாரத்தில் செலவு போக நிற்கும் மொத்த லாபம் நூற்றுக்கு நான்கு என்றால், இந்த இரு சம்பளத்துக்கு மட்டும் ஆண்டில் 1 கோடியே 5 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்கவேண்டும். நூற்றுக்கு ஏழு நின்றால் 60 லட்சம் போதும். உரம் மட்டும் விற்று இதை எட்டுவது கடினம். விதை, கொள்முதல், பொட்டலம், வாடகை இயந்திரம் எதிலாவது ஒன்றில் கூடுதல் லாபம் நிற்கவேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் 12,000 ரூபாய்க்கு யாரையாவது பிடித்துப் போடுவதால்தான் ஒரே ஆண்டில் மூன்று சி.இ.ஓ. மாறுகிறார்கள்.

தலைவரின் மகனையோ மருமகளையோ நியமிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் திறமையானவர்களாகவே இருக்கலாம். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைத்ததே இரண்டு வீட்டுக் கண்கள் பார்க்கவேண்டும் என்றுதான். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு கையெழுத்து. நேர்காணலில் பட்டத்தைப் பார்த்துவிட்டு அனுப்பாமல், உங்கள் பழைய வங்கி அறிக்கை ஒரு மாதத்துடையதையும் அந்த மாதக் கொள்முதல் பில்களையும் கொடுத்து ஒரு மணிநேரத்தில் ஒத்திட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு படி கடலையைக் கொட்டித் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் செய்பவர் கிடைத்தால் பதினைந்து நாள் பழையவரோடு சேர்ந்து உட்காரவையுங்கள். அரை மாதச் சம்பளம் 12,500 கூடுதல் செலவுதான், ஆனால் கிடங்கிலும் மண்டியிலும் சேர்ந்து சுற்றும் அந்தப் பதினைந்து நாளில் தெரிந்துகொள்வது எந்தக் கோப்பிலும் கிடைக்காது. நியமனக் கடிதத்தில் அறுபது நாள் முன்னறிவிப்பு, அலுவலக சிம், சொந்தக் கணக்கில் பணம் வாங்கத் தடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்கு எண்ணிக்கை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, காலம் பற்றி ஒன்று. விலகல் கடிதம் ஜூலை, ஆகஸ்ட்டில் வந்தால், செப்டம்பர் 30-க்குள் நடக்கவேண்டிய ஆண்டுப் பொதுக்கூட்டம்வரை இருக்கும்படி அவரைக் கேட்டுப் பாருங்கள். ஆடிப்பட்டம் முடிந்து சம்பாவுக்கு உரம் இறங்கும் மாதங்கள் அவை. அந்த ஆண்டின் வரவுசெலவுக்கு விளக்கம் தரக்கூடியவரும் அவர் ஒருவரே. பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் நிதிநிலை அறிக்கைக்கான ஏ.ஓ.சி-4, 60 நாளில் ஆண்டு அறிக்கைக்கான எம்.ஜி.டி-7 படிவங்கள் பதிவாளருக்குப் போகவேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து போகாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். அந்தப் பட்டியலில் வரப்போவது போனவரின் பெயர் அல்ல, உங்கள் பெயர்கள். பொதுக்கூட்ட மேடையில் அவரே கணக்கை வாசித்து, உறுப்பினர் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். பொன்னாடையை அதன் பிறகு, அந்த மேடையிலேயே, எல்லார் முன்னிலையிலும் போர்த்துங்கள்.

இப்படிக்கு,
உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கணக்கு, பதிவு, உரிமப் பணிகளில் இருப்போர்